திமிங்கலம் பார்க்கப் போகிறவர்கள் பணம் கட்டும் முன்

களியக்காவிளையில் டிராவல்ஸ் வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வளைகுடா டிக்கெட் வேண்டும், கால்வாசிப் பேருக்கு வேளாங்கண்ணி, மலையாற்றூர். ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் மிச்சம்தான். அயர்லாந்து, நார்வே என்று நர்ஸ் வேலைக்குப் போன பிள்ளைகள் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்த பிறகு அந்த மிச்சத்தில் திமிங்கலமும் சேர்ந்துகொண்டது. கூடவே ஒரு சங்கடமும். பாறசாலையிலிருந்து வந்த ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் ஐஸ்லாந்து பேக்கேஜை வரி விடாமல் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “மக்ளே, இவனுவ அதைக் குத்திக் கொல்லுறவனுவளாமே. அங்க போய் நம்ம பைசாவக் குடுக்கணுமா?”

இதே கேள்வியை வேறு வேறு வாயிலிருந்து கேட்டாகிவிட்டது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நாட்டையே ஒதுக்கி வைப்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. எந்தப் படகில் ஏறுகிறீர்கள், எந்தத் தட்டு வேண்டாம் என்கிறீர்கள், திரும்பி வந்து என்ன எழுதுகிறீர்கள், இந்த மூன்றுக்கும் பலன் இருக்கிறது. எப்படிச் செய்வது என்று பார்க்கலாம்.

யார் வேட்டையாடுகிறார்கள், எதை?

வியாபாரத்துக்காகத் திமிங்கலம் பிடிப்பதை நிறுத்தி வைக்க சர்வதேசத் திமிங்கல ஆணையம் 1982-ல் முடிவெடுத்தது. 1986-லிருந்து அது நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகும் வியாபார வேட்டைக்கு அனுமதி கொடுக்கிற நாடுகள் மூன்று: நார்வே, ஜப்பான், ஐஸ்லாந்து. நார்வே அந்த முடிவுக்கு ஆட்சேபம் தெரிவித்து, 1993-ல் வேட்டையை மறுபடி தொடங்கியது. வருடத்துக்குச் சில நூறு மிங்கி திமிங்கலங்கள் அங்கே பிடிபடுகின்றன. ஜப்பான் 2019-ல் ஆணையத்தை விட்டே வெளியேறியது. ஐஸ்லாந்து 2006-ல் வியாபார வேட்டைக்குத் திரும்பியது. 2023 கோடையில் அரசே இரண்டு மாதத்துக்கு மேல் நிறுத்தி வைத்தது. 2024, 2025 கோடைகளில் கப்பல் கிளம்பவில்லை, ஆனால் ஐந்து வருட உரிமம் 2024 கடைசியில் கொடுத்திருக்கிறார்கள். அதனால் போகிற வருடம் நிலைமை என்ன என்று செய்தியைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கிரீன்லாந்து, அலாஸ்கா போன்ற இடங்களில் பூர்வகுடிகள் சாப்பாட்டுக்காகப் பிடிப்பது வேறு கணக்கு. அதற்கு ஆணையமே ஒதுக்கீடு கொடுக்கிறது. அதை இதோடு குழப்ப வேண்டாம்.

நாட்டின் பெயரோடு நின்றுவிடாதீர்கள். நீங்கள் பார்க்கப் போகிற இனமும் அவர்கள் சுடுகிற இனமும் ஒன்றா என்று கேளுங்கள். ஐஸ்லாந்தின் வடக்கே ஹூசவிக்கில் படகு ஏறினால் பெரும்பாலும் கூனல் முதுகுத் திமிங்கலத்தைப் பார்ப்பீர்கள். அதை அங்கே யாரும் சுடுவதில்லை. பெரிய கம்பெனி சுட்டது ஆழ்கடலில் திரியும் ஃபின் திமிங்கலத்தை. தலைநகர் ரெய்க்யாவிக் முன்னால் இருக்கிற ஃபக்ஸாஃப்ளோய் விரிகுடாவில்தான் சிக்கல் வந்தது. சுற்றுலாப் படகுகள் காட்டியதும் மிங்கி, வேட்டைப் படகு சுட்டதும் மிங்கி. படகைக் கண்டு ஓடாமல் கிட்டே வந்து எட்டிப் பார்க்கிற மிங்கிதானே முதலில் குறிக்குள் விழும் என்பது சுற்றுலாப் படகுக்காரர்களின் வாதம். அந்த விரிகுடாவில் மிங்கி குறைந்துபோனதற்கு அது இரையாகத் தின்னும் மணல் விலாங்கு என்ற சின்ன மீன் குறைந்ததும் ஒரு காரணம். எல்லாப் பழியையும் ஈட்டி மேல் போட முடியாது.

நார்வேயின் ஆந்தனஸில் காட்டுவது எண்ணெய்த் திமிங்கலம், வேட்டையாடுவது மிங்கி. இனம் வேறாக இருந்தும் 2006-ல் அங்கே சுற்றுலாப் படகில் போனவர்கள் கண் முன்னாலேயே ஒரு மிங்கியைச் சுட்டார்கள். காசு கட்டிக் குழந்தைகளோடு போனவர்கள் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். இப்படி நடக்க வாய்ப்பு குறைவுதான், ஆனாலும் வேட்டைக் காலம் எப்போது, எந்தப் பகுதியில் என்று படகுக் கம்பெனியிடம் மெயிலில் கேட்டு வைப்பதில் தப்பில்லை.

போகாமலே இருந்துவிடலாமா?

சுற்றுலாக்காரர்கள் சொல்வதும் செய்வதும் எவ்வளவு தூரம் விலகியிருக்கிறது என்பதற்கு ஐஸ்லாந்து நல்ல உதாரணம். 2003-ல் அங்கே ஆராய்ச்சிக்கு என்ற பெயரில் வேட்டை மறுபடி தொடங்கிய சமயத்தில், ஸ்காட்லாந்தில் திமிங்கலப் படகு ஏறியவர்களிடம் கேட்ட ஓர் ஆய்வு வெளியானது. வேட்டையாடுகிற நாட்டில் திமிங்கலம் பார்க்கப் படகு ஏற மாட்டோம் என்று பத்தில் ஒன்பது பேர் சொன்னார்கள். அந்த நாட்டுப் பக்கமே போக மாட்டோம் என்றவர்களும் பெரும்பான்மை. சரி, அப்புறம் என்ன நடந்தது? 2003-ல் ஐஸ்லாந்துக்கு வந்த வெளிநாட்டவர் மூன்று லட்சத்துச் சொச்சம், 2018-ல் 23 லட்சம். திமிங்கலப் படகு ஏறியவர்கள் மட்டும் 2016-ல் மூன்றரை லட்சத்தைத் தாண்டினார்கள்.

இதைப் பார்த்து ‘வேட்டையால் சுற்றுலாவுக்கு ஒரு சேதமும் இல்லை’ என்று வேட்டைத் தரப்பு பேசியது. வராமல் போனவர்களை யார் எண்ணுவது என்று படகுக்காரர்கள் திருப்பிக் கேட்டார்கள். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. அந்த நாட்டுக்குள்ளேயே வேட்டைக்கு எதிராகச் சத்தமாகப் பேசியவர்கள் இந்தப் படகுக்காரர்கள்தான். அவர்களுக்கு ஐஸ்வேல் என்று ஒரு சங்கம் இருக்கிறது. நீங்களும் நானும் போகாமல் விட்டால் முதலில் வயிற்றில் அடி வாங்குவது அவர்கள். வேட்டைக் கம்பெனிக்கு உங்கள் படகு டிக்கெட்டால் வரவும் இல்லை, நஷ்டமும் இல்லை.

படகுக்காரர்கள் பேசியது வீண் போகவும் இல்லை. 2017-ல் ஃபக்ஸாஃப்ளோயில் வேட்டைக்குத் தடை போட்ட பகுதியைப் பெரிதாக்கினார்கள். மிங்கி பிடிப்பவர்களுக்கு அதிகம் அகப்பட்டதே அந்த விரிகுடாவில்தான். வெகு தூரம் போய்ப் பிடிக்க டீசல் கட்டவில்லை. 2018-ல் ஆறே ஆறு மிங்கியோடு கடையைச் சாத்தினார்கள். மிங்கி வேட்டையைக் குறைத்தது அந்த டீசல் கணக்கு என்றே நான் நினைக்கிறேன். பேஸ்புக்கில் ‘இனி ஐஸ்லாந்து பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன்’ என்று எழுதுகிறவரால் அந்தக் கணக்கில் ஒரு ரூபாய் மாறாது.

வேட்டை நாட்டுக்குப் போக மனசு ஒப்பவில்லை என்றால் வேறு வழி நிறைய உண்டு. கைக்கோரா என்ற நியூசிலாந்து ஊரில் வேலையில்லாமல் தவித்த மாவோரிக் குடும்பங்கள் வீட்டை அடமானம் வைத்து 1987-ல் திமிங்கலப் படகு விட்டார்கள், இன்று அந்த ஊரே அதை நம்பி இருக்கிறது. போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகளில் 1980-கள் வரை வேட்டை நடந்தது. திமிங்கலத்தை மேட்டிலிருந்து கண்டுபிடித்துச் சொல்ல அன்று கட்டிய காவல் குடில்களில் உட்கார்ந்துதான் இன்றும் ஆட்கள் பைனாகுலரில் பார்த்து, சுற்றுலாப் படகுக்கு வயர்லெஸ்ஸில் திசை சொல்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் ஆல்பனியில் 1978-ல் மூடிய கடைசி வேட்டை நிலையம் இப்போது மியூசியம். எல்லாம் நம் பர்ஸுக்குத் தூரம்தான். பக்கத்தில் இருப்பது இலங்கை. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், அதற்கு முன் சாப்பாட்டு விஷயத்தை முடித்துவிடலாம்.

தட்டு

“ஒரே ஒரு தடவை, டேஸ்ட்டுக்கு மட்டும்.” அனுப்பி வைத்த தம்பி ஒருவன் ரெய்க்யாவிக் ஓட்டலிலிருந்து மெனு கார்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டிருந்தான். மிங்கி ஸ்டேக், பக்கத்தில் சின்னதாக ஒரு கொடி. “அக்கா, இது சாப்பிடலாமா?” காலையில் அதே துறைமுகத்திலிருந்து திமிங்கலம் பார்த்துவிட்டு வந்தவன்தான்.

இந்த ‘டேஸ்ட்டுக்கு மட்டும்’ ஆட்கள்தான் அங்கே வியாபாரம். ஐஸ்லாந்துக்காரர்களில் அடிக்கடி திமிங்கலக் கறி சாப்பிடுகிறவர்கள் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேர்தான். ஊர்க்காரர் தின்னாததை யார் தின்றார்கள்? 2009-ல் கேட்டபோது சுற்றுலாக்காரர்களில் 40 சதவீதம் பேர் ருசி பார்த்ததாகச் சொன்னார்கள். ஊரின் பாரம்பரியச் சாப்பாடு என்று நினைத்து. படகுக்காரர்களும் விலங்கு நல அமைப்பினரும் சேர்ந்து, எங்களைப் பார்க்க வாருங்கள், எங்களைத் தின்ன வேண்டாம் என்று திமிங்கலமே சொல்வது போல ஒரு பிரசாரம் நடத்தினார்கள். தெருவில் நின்று நோட்டீஸ் கொடுத்தார்கள், ஓட்டல்களிடம் கறி பரிமாற மாட்டோம் என்று உறுதி வாங்கிக் கதவில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். பத்து வருடத்துக்குள் அந்த 40 பத்துப் பன்னிரண்டுக்கு இறங்கிவிட்டது. சுற்றுலாக்காரரின் மனப்பான்மை என்பது இப்படி எண்ணிக்கையாக மாறின இடம் இது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

செய்ய வேண்டியது சுலபம். ஓட்டலுக்குள் போகும் முன் மெனுவை வாசலிலேயே பாருங்கள். திமிங்கலம் இருந்தால் உட்காராதீர்கள், ஏன் உட்காரவில்லை என்று ஒரு வரி சொல்லிவிட்டு வாருங்கள். சண்டை வேண்டாம். பரிமாறுகிற பையனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நார்வேயில் பெர்கன் மீன் சந்தையில் கருஞ்சிவப்பாக அடுக்கி வைத்து, சின்னத் துண்டு வெட்டிக் கையில் கொடுப்பார்கள். ஓசி என்று வாயில் போட்டுக்கொள்ளும் பழக்கம் நமக்கு உண்டு. வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு அடுத்த கடையில் இறால் வாங்குங்கள்.

பார்சலாக வாங்கி ஊருக்குக் கொண்டு வரலாம் என்ற யோசனையே கூடாது. கறி, பல், எலும்பு மாலை எதுவும். நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் திமிங்கலம் முதல் அட்டவணையில் இருக்கிறது, திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் மாட்டினால் நான் வந்து மீட்க முடியாது. ஆம்பர், அதாவது எண்ணெய்த் திமிங்கலத்தின் குடலில் உண்டாகும் மெழுகுக் கட்டி, அந்த விஷயமும் அப்படித்தான். கடலில் மிதந்தால் எடுக்கலாமா என்று கேட்கிறவர்கள் எங்கள் பக்கம் அதிகம். 2022-ல் விழிஞ்ஞம் மீனவர்களுக்கு 28 கிலோ கிடைத்தது. நேரே கடலோரப் போலீஸிடம் கொண்டு போய்க் கொடுத்தார்கள். அதுதான் முறை.

இந்த இடத்தில் கடையில் யாராவது ஒருவர் கேட்டே தீருவார்: “நம்ம ஆளுவ சுறா பிடிக்கல்லியா? அவன் திமிங்கலம் பிடிக்கான். இதுல என்ன இருக்கு?” என் அப்பா தூத்தூர்க்காரர். விசைப்படகில் வாரக்கணக்கில் தங்கல் போய்த் தூண்டிலில் சுறா பிடித்து எங்களைப் படிக்க வைத்தவர். அதனால் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க எனக்கு வாய் வராது. கடலில் பிழைப்பவனைக் கரையில் இருந்து குறை சொல்வது எளிது. ஆனால் ஃபின் போன்ற பெரிய திமிங்கலம் குட்டி போடுவது இரண்டு மூன்று வருடத்துக்கு ஒன்று. ஈட்டியின் முனையில் வெடி வைத்துச் சுட்டாலும் உடனே சாவதில்லை. ஐஸ்லாந்தில் 2022-ல் கொன்ற 148 ஃபின் திமிங்கலங்களில் நான்கில் ஒரு பங்கை ஒரு தடவைக்கு மேல் சுட வேண்டியிருந்தது என்று அந்த நாட்டு அரசுத் துறையே அறிக்கை கொடுத்தது. மறு வருடம் வேட்டையை நிறுத்தி வைத்ததற்குக் காரணம் அந்த அறிக்கைதான். சுறாவைப் பற்றியும் இதே மாதிரி யோசிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், ஆமாம், யோசிக்க வேண்டும்தான். பல சுறா இனங்களை இப்போது தொடவே கூடாது என்பது அப்பாவுக்கும் தெரியும்.

படகைத் தேர்ந்தெடுப்பது

வேட்டையே இல்லாத கடலில் போய்ப் பார்க்கிறோம், நாம் சுத்தம் என்று நினைத்துவிட வேண்டாம். இந்தியப் பெருங்கடலைத் திமிங்கலச் சரணாலயமாக ஆணையம் 1979-லேயே அறிவித்துவிட்டது. இலங்கையில் யாரும் ஈட்டி எறிவதில்லை. ஆனால் மிரிஸ்ஸாவில் ஒரு நீலத் திமிங்கலம் மூச்சு விட்டால் போதும், களியக்காவிளை ஸ்டாண்டில் திருவனந்தபுரம் பஸ் வந்து நின்றதும் ஆட்டோக்கள் சூழ்வது மாதிரி படகுகள் சூழ்ந்துகொள்ளும்.

நான் போன அன்று அப்படித்தான் இருந்தது. கரை மறைந்து வெகு நேரம் கழித்து, தூரத்தில் வெள்ளையாக ஒரு பீச்சல், தென்னை மரத்தில் பாதி உயரம் இருக்கும். எங்கள் படகோட்டி எஞ்சினைக் குறைத்தார். மற்ற நாலைந்து படகுகள் அதே இடத்தைப் பார்த்து முழு வேகத்தில் போயின. அடுத்த மூச்சு, அதற்கடுத்த மூச்சு, ஒவ்வொன்றுக்கும் பதினைந்து இருபது விநாடி இடைவெளி. சாம்பலும் நீலமும் கலந்த முதுகு வந்துகொண்டே இருந்தது, முடிவதாகத் தெரியவில்லை, கடைசியில்தான் அந்தச் சின்ன முதுகுத் துடுப்பு. படகுகள் கிட்டே நெருங்கியதும் அது மூச்சு வாங்கி முடிக்காமலே முங்கிவிட்டது. அவர்கள் படகில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது சுழிக்கிற தண்ணீர். நாங்கள் காத்திருந்தோம். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் எங்களுக்குச் சற்று வலப்பக்கம் தானாகவே எழும்பி, இந்த முறை நிதானமாக மூச்சு விட்டு, வாலை முழுசாகத் தூக்கிக் காட்டிவிட்டு இறங்கியது. தண்ணீரில் செங்கல் நிறத்தில் ஒரு படலம் மிதந்தது. படகில் ஒரு அம்மா ரத்தம் என்று பதறிவிட்டார். அது கழிவுதான். அந்தக் கடலில் நீலத் திமிங்கலம் தின்பது சின்ன இறால் வகை என்பதால் அந்த நிறம்.

அதனால் பணம் கட்டும் முன் இதையெல்லாம் கேளுங்கள். எவ்வளவு தூரத்தில் நிறுத்துவீர்கள்? நூறு மீட்டருக்குள் போக மாட்டோம் என்று தாமாகவே சொன்னால் நல்ல கம்பெனி. ‘தொட்டுப் பார்க்கிற தூரத்துக்குக் கொண்டு போவோம்’ என்றால் போனை வைத்துவிடுங்கள். முன்னாலிருந்து குறுக்கே போவீர்களா, பக்கவாட்டில் இணையாகப் போவீர்களா? பக்கவாட்டில், சற்றுப் பின்தள்ளி, மெதுவாக என்பதுதான் சரியான பதில். ஒரு திமிங்கலத்தோடு எவ்வளவு நேரம் இருப்பீர்கள்? குட்டியோடு இருந்தால் என்ன செய்வீர்கள்? பார்க்க முடியாமல் போனால் மறுநாள் இலவசமாகக் கூட்டிப் போவீர்களா? இந்தக் கடைசிக் கேள்வி பணத்துக்காக மட்டும் அல்ல. ‘கட்டாயம் காட்டுகிறேன்’ என்று வாக்குக் கொடுத்தவர் துரத்தித்தான் ஆக வேண்டும். மறுநாள் வாய்ப்புத் தருகிறவருக்கு அந்த அவசரம் இல்லை.

வேட்டை நாட்டுக்குப் போகிறவர்களுக்காக நான் அனுப்பும் மெயில் சின்னது. ஆங்கிலத்தில் போகும், விஷயம் இதுதான்: “உங்கள் பகுதியில் இப்போது வேட்டை நடக்கிறதா? அதைப் பற்றி உங்கள் நிறுவனத்தின் நிலை என்ன? உங்கள் ஓட்டலிலோ படகிலோ திமிங்கலக் கறி பரிமாறுகிறீர்களா?” பதில் பெரும்பாலும் அன்றைக்கே வந்துவிடும். மழுப்பினால் வேறு கம்பெனி. பதிலைவிட இந்தக் கேள்வி அவர்கள் பெட்டியில் போய் விழுவதே முக்கியம். சங்கத்தில் உட்கார்ந்து பேசும்போது எங்கள் வாடிக்கையாளர் இதைக் கேட்கிறார் என்று காட்ட அவர்களுக்கு ஒரு கடிதம் கையில் இருக்கும்.

மிரிஸ்ஸாவுக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை போகலாம். திருகோணமலைக்கு மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை. நம் ஆட்களுக்கு நான் சிபாரிசு செய்வது திருகோணமலையைத்தான். படகோட்டியிடம் தமிழிலேயே பேசலாம், “அண்ணே, கிட்டப் போக வேண்டாம், இங்கேயே நிப்பாட்டுங்க” என்று சொன்னால் அவருக்குப் புரியும். பயணிகள் ஆத்திரப்படுவார்களோ என்ற பயத்தில்தான் பல படகோட்டிகள் துரத்துகிறார்கள். பயணியே வேண்டாம் என்றால் அவருக்கு டீசல் மிச்சம். மிரிஸ்ஸாவில் இன்னொரு ஆபத்து, திமிங்கலம் மேயும் இடமும் உலகத்தின் பெரிய கப்பல் பாதைகளில் ஒன்றும் தெவிநுவர முனைக்குத் தெற்கே ஒன்றன் மேல் ஒன்று கிடக்கின்றன. கப்பல் மோதி நீலத் திமிங்கலங்கள் சாகின்றன. 2022-ல் ஒரு பெரிய கப்பல் நிறுவனம் தன் பாதையைத் தெற்கே தள்ளி வைத்துக்கொண்டது. படகிலிருந்து பார்த்தால் கன்டெய்னர் கப்பல் வரிசை தெரியும். விழிஞ்ஞத்தில் துறைமுகம் வந்தபின் நம் கடலிலும் அந்தக் காட்சி பழகிவிட்டது.

படகில் வாந்தி வராமலிருக்க டாக்டரிடம் கேட்டு அவோமின் போன்ற மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். குமட்டல் ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை. காலை ஆறு ஆறரைக்குக் கிளம்புவார்கள், வெறும் வயிறும் கூடாது, புட்டும் கடலையும் கூடாது. கீழ்த்தட்டில் பின்பக்கம் நடுவில் உட்கார்ந்து அடிவானத்தைப் பாருங்கள். போனைக் குனிந்து பார்த்தால் முடிந்தது கதை.

இவ்வளவு தூரம் எதற்கு, நம் கடலில் பார்க்க முடியாதா என்பார்கள். திமிங்கலம் இருக்கிறது. 2021-ல் விழிஞ்ஞம் கடலில் தண்ணீருக்குள் மைக் இறக்கி நீலத் திமிங்கலத்தின் குரலைப் பதிவு செய்திருக்கிறார்கள். 2016 ஜனவரியில் மணப்பாடு, கல்லாமொழிக் கரையில் எண்பதுக்கு மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. ஊர்க்காரர்கள் தள்ளித் தள்ளிக் கடலுக்குள் விட்டும் பல மறுபடி கரைக்கே வந்தன. ஆனால் விதிமுறையோடு நடக்கிற படகுச் சேவை நம் பக்கம் இல்லை. குளச்சலில், முட்டத்தில் யாராவது ஃபைபர் வள்ளத்தில் கூட்டிப் போகிறேன் என்றால் போகாதீர்கள். அது மீன்பிடிக்கிற வள்ளம், லைஃப் ஜாக்கெட் இருக்காது, ஓங்கில் (டால்பின்) கூட்டத்தைக் கண்டால் நடுவில் விட்டு ஓட்டுவார்கள். அப்பாவிடம் கேட்டால், கடலில் பெரிய மீன் எழும்பினால் எஞ்சினைக் குறைத்து அது போகிற வரை சும்மா கிடப்போம், வலை தூண்டில் அறுந்துவிடக் கூடாதே என்பார். அவர் காரணம் வேறு, செய்தது சரி.

திரும்பி வந்த பிறகு

படகை விட்டு இறங்கியதும் டிப்ஸ் கொடுக்கும்போது எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று சொல்லிக் கொடுங்கள். தூரத்திலேயே நிறுத்தினதற்கு என்று. துரத்தினவருக்குக் கொடுக்காதீர்கள், வால் எவ்வளவு அழகாகத் தெரிந்திருந்தாலும்.

அப்புறம் ரிவ்யூ. ‘சூப்பர், திமிங்கலம் ரொம்பக் கிட்டே வந்தது, ஐந்து ஸ்டார்’ என்று எழுதினால் அதைப் படிக்கிற அடுத்த நூறு பேரும் கிட்டேதான் கேட்பார்கள், படகோட்டியும் கிட்டேதான் போவார். எழுதும்போது படகின் பெயர், தேதி, எத்தனை படகுகள் சுற்றி நின்றன, எஞ்சின் எப்போது குறைந்தது, தோராயமாக எவ்வளவு தூரம், இதைப் போடுங்கள். ஓட்டல் ரிவ்யூவில் மெனுவில் திமிங்கலம் இருந்ததா இல்லையா என்று ஒரு வரி சேருங்கள். ஆங்கிலம் வரவில்லை என்று விட்டுவிட வேண்டாம், தமிழிலேயே எழுதலாம், அவர்கள் போனில் மாற்றிப் படித்துக்கொள்வார்கள். பாறசாலை வாத்தியார் கடைசியில் ஹூசவிக் போய்வந்து இரண்டு பக்கத்துக்குத் தமிழில் எழுதிப் போட்டார். எழுத்துப் பிழை ஒன்று கூட இல்லை. கம்பெனிக்காரர்கள் நன்றி சொல்லிப் பதில் போட்டிருந்தார்கள்.